கிருமிக்கு நிறம் தெரியாதாம்!

சென்ற மாதம் அண்டை மாவட்டக் கல்லூரி ஒன்றில் 'கொள்ளைநோயும் இலக்கியமும்' என்னும் பொருளில் நடந்த கருத்தரங்கில் ஓர் அமர்வுக்கு நாம் தலைமை தாங்க நேர்ந்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், பெரும்புலமையும் இனிய குரலும் வாய்ந்தவர், கட்டுரையை முடிக்குந் தறுவாயில் தாளிலிருந்து தலையை உயர்த்தி இவ்வாறு முழங்கினார்: "கொரோனா வந்தது, மாளிகையும் குடிசையும் ஒன்றாயின. கிருமிக்குச் சாதி தெரியாது, சமயம் தெரியாது, நிறம் தெரியாது. அறிஞர் பெருமக்கள் கொண்டுவர இயலாத சமத்துவத்தை ஒரு நுண்ணுயிரி கொண்டுவந்து சேர்த்தது." அரங்கம் கைதட்டியது. நாமும் தட்டினோம். அமர்வுத் தலைவர் கைதட்டாதிருத்தல் மரபன்று.

பின்வரிசையிலிருந்து முதுகலை மாணவி ஒருவர் எழுந்தார். "ஐயா, அப்படியானால் அமெரிக்காவில் கொரோனாக் காலத்தில் பிள்ளை பெற்ற கறுப்பினத் தாய்மார்கள் மற்றவர்களைவிட அவ்வளவு அதிகமாக ஏன் இறந்தார்கள்?" என்று கேட்டார். பேராசிரியர் சற்றும் தயங்கவில்லை. "அது அவர்களுடைய உடல்வாகு, உணவுப் பழக்கம் அம்மா. கிருமியின் குற்றமன்று" என்றார். மாணவி நிறைவடையவில்லை, மறுபடியும் வாய் திறந்தார். வெளியே தேநீர் வந்துவிட்டிருந்தது. மேசை மணி ஒலித்தது. மணியை அழுத்தியது நாம்தான்.

அந்த மணியோசை இன்னும் காதில் கேட்டுக்கொண்டிருப்பதால் இக்கட்டுரை. மாணவிக்குக் கிடைத்திருக்க வேண்டிய பத்து நிமிடங்களை இங்கே திருப்பித் தருகிறோம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பேராசிரியரின் வாக்கியத்தில் முதற்பாதி மெய். கிருமிக்கு நிறம் தெரியாது. ஆனால் கிருமி மட்டும் தனியே வந்து எவரையும் கொல்வதில்லை. நோயாளிக்கும் சாவுக்கும் நடுவே படுக்கை இருக்கிறது, காப்பீட்டு அட்டை இருக்கிறது, விரலில் மாட்டும் கருவி இருக்கிறது, "வலிக்கிறது" என்று சொன்னால் நம்பவோ நம்பாதிருக்கவோ வல்ல ஒரு செவி இருக்கிறது. இவையனைத்துக்கும் நிறம் தெரியும். மகப்பேற்றில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. பிள்ளைப்பேறு நோயன்று. நலமாக நடந்து மருத்துவமனைக்குள் சென்றவள் நடந்தே வெளியே வர வேண்டும் என்பதே அங்கு விதி. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்டேயாக வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவின் தேசிய சுகாதாரப் புள்ளியியல் மையம் ஆண்டுதோறும் வெளியிடும் எண்கள் இவை. கருவுற்ற காலத்திலோ, கர்ப்பம் முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, அது தொடர்பான காரணங்களால் நேரும் இறப்பையே பேறுகால இறப்பு என்கிறார்கள். 2019இல் அந்நாட்டில் 754 பெண்கள் இவ்வாறு இறந்தனர். 2020இல் 861. 2021இல் 1,205. உலகின் மிகப் பெரிய செல்வநாடு, மருத்துவத்துக்கு வேறெந்த நாட்டையும்விட மிகுதியாகப் பணம் செலவிடும் நாடு, தன் தாய்மாரை இவ்வாறு இழந்தது. 2020, 2021 ஆகிய ஈராண்டுகளின் பேறுகால இறப்புகளில் கால்பங்குக்குக் கோவிட் ஒரு காரணமாக இருந்தது என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பே 2022இல் அறிக்கை தந்தது.

இனி நிறம். ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு வெள்ளையினத் தாய்மார் இறப்பு 2019இல் 17.9, 2021இல் 26.6. கறுப்பினத் தாய்மார் இறப்பு 2019இல் 44.0, 2020இல் 55.3, 2021இல் 69.9. பெருந்தொற்றின் உச்சத்தில் வெள்ளையினப் பெண் சந்தித்த ஆபத்துகூட, கொரோனா என்னும் பெயரே கேள்விப்படாத 2019இல் கறுப்பினப் பெண் சந்தித்த ஆபத்தின் அருகே வரவில்லை. ஒருவருக்குப் பேரிடர்க் காலம் என்பது மற்றவருக்கு வழக்கமான காலத்தைவிடவும் பாதுகாப்பாக இருந்திருக்கிறது. இதையா சமத்துவம் என்று கைதட்டினோம்?

'உடல்வாகு' என்னும் விடைக்கு வருவோம். இந்த விடை பேராசிரியருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் வாழும் நம் உறவினர்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் கூடத்தில் அமர்ந்து சொல்வதும் இதுவே. "அவங்க சாப்பாடு அப்படி, அவங்க வாழ்க்கை அப்படி" என்பார்கள். கேட்பவர் தலையாட்டுவோம். இதைச் சற்றே பொறுமையாக உரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்க வழியினரை எடுத்துக்கொள்வோம். இவர்களின் பேறுகால இறப்பு விகிதம் 2019இல் 12.6, வெள்ளையினத்தாரைவிடக் குறைவு. 2021இல் அது 28.0 ஆயிற்று, வெள்ளையினத்தாரைத் தாண்டிற்று. 2023இல் 12.4, மீண்டும் பழைய இடம். இரண்டே ஆண்டுகளில் ஓர் இனத்தின் உடல்வாகு இருமடங்கு கெட்டு, அடுத்த இரண்டாண்டுகளில் திருந்திவிட்டதா? சோளரொட்டி தின்பதை 2020இல் தொடங்கி 2022இல் நிறுத்திவிட்டார்களா? மாறியது உடலன்று. இறைச்சி வெட்டும் ஆலைகளிலும் பழத்தோட்டங்களிலும் துப்புரவிலும் சமையற்கட்டிலும், வீட்டிலிருந்து செய்யவியலாத வேலைகளில் அவர்கள் நின்றார்கள். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை உறங்கிற்று. கிருமிக்கு வாசற்கதவைத் திறந்துவைத்தது அந்த வேலையும் அந்த வீடும்.

கறுப்பினத்தார் செய்தி இன்னும் கசப்பானது. படித்தால் சரியாகிவிடும் என்பது ஆசிரியர் தொழில் செய்யும் நம்மைப் போன்றோரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2007 முதல் 2016 வரையிலான இறப்புகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்ணின் பேறுகால இறப்பு விகிதம், பட்டம் பெற்ற வெள்ளையினப் பெண்ணின் விகிதத்தைப் போல் 5.2 மடங்கு. அதுமட்டுமன்று. உயர்நிலைப் பள்ளியைக்கூட முடிக்காத வெள்ளையினப் பெண்ணைவிடவும் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்ணுக்கே சாவு மிகுதி, 1.6 மடங்கு. பட்டச்சான்றிதழ் எல்லாக் கதவையும் திறக்கும் என்று ஆண்டுதோறும் பட்டமளிப்பு விழாவில் சொல்கிறோமே, பிரசவ அறையின் கதவை அது திறக்கவில்லை.

மரபணு என்பாரும் உளர். அவர்களுக்கு 1997இல் வந்த ஒரு பழைய ஆய்வு போதும். இல்லினாய் மாநிலத்துப் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு, ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகளை டேவிட், காலின்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் எடைபோட்டுப் பார்த்தார்கள். அக்குழந்தைகளின் எடை, அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகளைவிட வெள்ளையினக் குழந்தைகளின் எடைக்கே நெருக்கமாக இருந்தது. பின்னர் அடுத்த தலைமுறையையும் பார்த்தார்கள். குடியேறியவர்களின் மகள்கள் அமெரிக்க மண்ணில் வளர்ந்து பிள்ளை பெற்றபோது, அந்தப் பேரக்குழந்தைகளின் எடை குறைந்திருந்தது. மரபணு ஒரே தலைமுறையில் மாறுவதில்லை. அந்த மகள்கள் வளர்ந்த ஊர்தான் மாறியிருந்தது. இன இழிவை அன்றாடம் தாங்கும் உடல் அகவைக்கு முன்பே தேய்கிறது என்று ஆர்லீன் ஜெரோனிமஸ் 1992இலேயே எழுதினார். வெயிலிலும் மழையிலும் கிடந்த மரம் வெடிப்பதுபோல் வெடிப்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை அதற்குப் பெயராக வைத்தார். தமிழில் 'அடிபட்டுத் தேய்தல்' எனலாம். இதனினும் நல்ல சொல்லிருந்தால் நண்பர்கள் தருக.

உடல்வாகு என்போர் விடும் இன்னொன்று, அந்த உடலை அளக்கும் கோல். கொரோனாக் காலத்தில் நம் வீடுகளிலும் ஆக்சிமீட்டர் ஒன்று இருந்தது. விரலில் மாட்டி எண்ணைப் பார்த்து நிம்மதியடைந்தோம். அந்தக் கருவி தோலினூடே ஒளியைச் செலுத்தி அளப்பது. தோலின் நிறம் அந்த அளவைக் கெடுக்கும். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமனி இரத்தத்தை நேரடியாகச் சோதித்து ஒப்பிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டி 'அச்சமில்லை' என்றபோது, உண்மை அளவு 88க்கும் கீழே கிடந்த நேர்வுகள் வெள்ளையினத்தாரில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தாரில் 11.7. மூன்று மடங்கு. மூச்சுத்திணறலோடு வந்த கறுப்பினக் கர்ப்பிணியை 'எண் நன்றாக இருக்கிறது, வீட்டுக்குப் போ' என்று சொல்லக்கூடிய கருவி அது. கிருமிக்குத் தெரியாத நிறம் கருவிக்குத் தெரிந்திருந்தது. நம் விரல்களும் வெள்ளையல்ல என்பதை இவ்விடத்தில் நினைவூட்டுவது மிகையாகாது.

கணக்குப் பொறியும் அப்படியே. முதற்பிள்ளை சிசேரியனில் பிறந்தபின் அடுத்த பிள்ளையை இயல்பாகப் பெறும் வாய்ப்பு எத்துணை என்று கணித்துச் சொல்லும் முறை ஒன்றை அமெரிக்க மகப்பேற்று மருத்துவர்கள் 2007 முதல் பயன்படுத்திவந்தார்கள். வயது, எடை முதலியவற்றோடு, 'கறுப்பினமா?', 'லத்தீன் வழியினரா?' என்றும் அது கேட்டது. 'ஆம்' என்று குறித்தால் வாய்ப்பு குறைந்துவிடும். வேறெதுவும் மாறவில்லை, அந்த ஒரு விடைதான் மாறியது. வாய்ப்பு குறைவென்று காட்டினால் மருத்துவர் கத்தியை எடுப்பார். மீண்டும் மீண்டும் கத்தி பட்ட கருப்பையில் குருதிப்போக்கும் பிற இடர்களும் மிகும். இனக் கேள்வியை அக்கணிப்பிலிருந்து நீக்கியது 2021இல். அதாவது, பெருந்தொற்றின் முதலாண்டு முழுவதும் அது அங்கேயே இருந்தது.

இத்தகைய கருவிகளைச் செய்தவர்கள் கொடியவர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் கற்ற பாடநூல் அத்தகையது. 2016இல் வர்ஜீனியாவில் ஓர் ஆய்வு வந்தது. கறுப்பினத்தாரின் தோல் தடித்தது, நரம்பு உணர்ச்சி குறைந்தது என்பன போன்ற பொய்க் கூற்றுகளை வெள்ளையின மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் காட்டிக் கேட்டார்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் ஒன்றையாவது மெய்யென்று நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். இருபத்தோராம் நூற்றாண்டில், நண்பர்களே!

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? மகப்பேற்று மருத்துவத்தின் அடித்தளத்திலிருந்தே வந்தது. நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்பட்டவர் ஜேம்ஸ் மேரியன் சிம்ஸ். 1845 முதல் 1849 வரை அலபாமாவின் மாண்ட்கமரி நகரில், அடிமைப் பெண்களின் உடலில் அவர் அறுவை செய்து பழகினார். நெடுநேரப் பிரசவத்தால் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துளை விழுந்து ஓயாமல் நீர் கசிந்துகொண்டிருந்த பெண்கள் அவர்கள். மூவரின் பெயர் மட்டும் அவருடைய எழுத்திலேயே எஞ்சியிருக்கிறது: அனார்கா, பெட்சி, லூசி. அனார்கா என்ற இளம்பெண்ணுக்கு மட்டும் ஏறத்தாழ முப்பது அறுவைகள். மயக்கமருந்து இல்லை. 1846இல் பாஸ்டனில் ஈதர் மயக்கமருந்து வெளிப்படையாகச் செய்து காட்டப்பட்ட பின்பும் இல்லை. முறை கைகூடியபின் வெள்ளையினச் சீமாட்டிகளுக்கும் அதே அறுவை நடந்தது. அவருக்கு நியூயார்க் மையப் பூங்காவின் ஓரத்தில் நின்ற சிலையை 2018 ஏப்ரலில்தான் அகற்றினார்கள். 2021இல் மிஷெல் பிரவுடர் என்ற கலைஞர் அம்மூன்று பெண்களுக்கும் மாண்ட்கமரியில் இரும்புத் துண்டங்களைப் பற்றவைத்து நெடிய உருவங்கள் எழுப்பினார். சூலுற்ற நிலையில் இறந்தவளுக்காகச் சுமைதாங்கிக் கல் நட்ட மரபில் வந்தவர்கள் நாம். சுமையை இறக்காமலே போனவள் பொருட்டு, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைக்க ஒரு கல். அந்த இரும்பு உருவங்களின் படத்தைக் கண்டபோது நமக்கு அக்கல்லே நினைவில் வந்தது.

மருத்துவச்சிகளின் கதையும் உண்டு. தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளை மட்டுமன்றி ஏழை வெள்ளையினப் பிள்ளைகளையும் ஏந்தியவர்கள் கறுப்பின மருத்துவச்சிகள். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அவர்களை அழுக்கர், அறியாதவர் என்று பழித்து, உரிமச் சட்டங்களால் மெல்ல மெல்ல ஒதுக்கினார்கள். ஜார்ஜியாவின் மேரி கோலி என்னும் மருத்துவச்சியைக் கொண்டு 1953இல் அம்மாநில அரசு எடுத்த பயிற்சிப்படம் ஒன்று உண்டு. அவர் கைகழுவும் முறையை ஒருமுறை பார்த்தவர் 'அழுக்கர்' என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டார். மூவாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஏந்திய கை அது. ஊர்தோறும் இருந்த அந்தக் கையை எடுத்துவிட்டு அவ்விடத்தில் வைத்தது என்ன? தொலைவிலுள்ள மருத்துவமனை, அங்கே தன்னை நம்பாத ஒரு செவி.

இத்தகைய வீட்டுக்குள்தான் 2020இல் கிருமி நுழைந்தது.

அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நியூயார்க் நகரின் இரு பெரும் மருத்துவமனைக் குழுமங்கள் பிரசவ அறைக்குள் துணைக்கு எவரும் வரலாகாது என்று ஆணையிட்டன. கணவரும் வரக்கூடாது, தாயும் வரக்கூடாது. சில நாட்களில், மார்ச் 28 அன்று, ஆளுநர் தலையிட்டு ஒருவரை அனுமதிக்கச் செய்தார். ஒருவர்தான். கணவரா, 'டூலா' எனப்படும் பேறுகாலத் துணைப்பெண்ணா என்று தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. துணை என்பது கையைப் பிடித்துக்கொள்ள மட்டும் என்று நினைப்பவர்கள் பிரசவ அறையை அறியாதவர்கள். தன் சொல் எடுபடாத இடத்தில், "இவளுக்கு ஏதோ சரியில்லை, வந்து பாருங்கள்" என்று உரக்கச் சொல்லும் இன்னொரு வாய் அது. வெள்ளையினப் பெண்ணுக்குத் துணையில்லாமை தனிமை. கறுப்பினப் பெண்ணுக்கு அது சாட்சியில்லாமை. நேரில் பார்க்கும் சோதனைகளும் குறைந்தன, தொலைபேசியில் பார்த்தார்கள். இரத்த அழுத்தமானி வீட்டில் உள்ளவளுக்கு அது போதும். இல்லாதவளின் அழுத்தத்தைத் தொலைபேசி எப்படி அளக்கும்? கறுப்பினத் தாய்மாரைக் கொல்வதில் கர்ப்பகால இரத்த அழுத்தத்துக்குப் பெரும்பங்குண்டு என்பதை அறிந்தே இது நடந்தது.

கருவுற்ற வெள்ளையினப் பெண்ணின் சொல்லுக்கும் கறுப்பினப் பெண்ணின் சொல்லுக்கும் உள்ள எடை வேறுபாட்டை அறியச் செரினா வில்லியம்சைப் பார்த்தால் போதும். டென்னிஸ் உலகின் பேரரசி. செல்வத்துக்கும் புகழுக்கும் குறைவில்லை. 2017 செப்டம்பரில் மகள் பிறந்த மறுநாள் மூச்சு முட்டியது. முன்பே நுரையீரலில் இரத்தக்கட்டி கண்டவர் ஆதலால், இன்ன படம் எடுங்கள், இன்ன மருந்து கொடுங்கள் என்று தாமே சொன்னார். வலிமருந்தால் குழம்பிப் பேசுகிறார் என்று செவிலி நினைத்தார். அவர் விடாப்பிடியாக நின்றபின் படம் எடுத்தார்கள். நுரையீரலில் கட்டிகள் இருந்தன. அவர் பிழைத்தார். அதே ஆண்டு சனவரியில் ஷாலன் இர்விங் பிழைக்கவில்லை. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் நோய்ப்பரவல் ஆய்வாளர். சமூக ஏற்றத்தாழ்வு உடலை எவ்வாறு கெடுக்கிறது என்பதே அவர் ஆய்வுப்பொருள். மகள் பிறந்து மூன்று வாரத்தில், உயர் இரத்த அழுத்தம் தொடர்பான சிக்கலால், மருத்துவரிடம் பலமுறை சென்று முறையிட்டபின், 36ஆம் வயதில் இறந்தார். முனைவர் பட்டம், நல்ல வேலை, காப்பீடு, நோயைப் பற்றிய முழு அறிவு ஆகிய நான்கும் இருந்தன. பேராசிரியர் அவர்களே, இவருடைய உணவுப் பழக்கத்தில் என்ன குறை கண்டீர்கள்?

பழங்குடித் தாய்மாரை மறந்து எழுதுவது அறமாகாது. நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கி நகரில் ஒரு மகப்பேறு மருத்துவமனை 2020இல் செய்ததைப் பத்திரிகையாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். தோற்றத்தில் பழங்குடியினர் போலிருக்கும் கர்ப்பிணியின் முகவரியைப் பார்ப்பார்கள். பழங்குடிக் குடியிருப்பின் அஞ்சல் எண் இருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் கோவிட் ஐயத்துக்குரியவர். சோதனை முடிவு வரும்வரை பிறந்த பிள்ளை தாயிடமிருந்து பிரிக்கப்படும். நோயாளிகளின் உரிமை மீறப்பட்டது என்று அரசு விசாரணையும் பின்னர் கண்டது. அஞ்சல் எண்ணைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் மருத்துவம்! ஊர்ப்பெயர் கேட்டுத் தெருவைக் கண்டுபிடிக்கும் கலையில் தேர்ந்த நமக்கு இது விளங்காமல் போகாது.

தடுப்பூசிக் கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். 2020இன் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. ஆதலால் ஊசி வந்தபோது அவர்களுக்குச் சொல்ல எவரிடமும் தெளிவான விடை இல்லை. நோய்க்கட்டுப்பாட்டு மையம் கர்ப்பிணிகள் அனைவரும் போட்டுக்கொள்ளலாம் என்று உறுதியாகப் பரிந்துரைத்தது 2021 ஆகஸ்ட் 11 அன்று. ஊசி வந்து எட்டு மாதம் கழித்து. செப்டம்பர் இறுதியில் அவசர எச்சரிக்கை விட்டபோது கர்ப்பிணிகளில் 31 விழுக்காட்டினரே முழுமையாக ஊசி பெற்றிருந்தனர்; கறுப்பினக் கர்ப்பிணிகளில் 15.6. உடனே 'அறியாமை' என்றார்கள். டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நாற்பதாண்டுகள் கறுப்பின ஆடவரின் மேகநோய்க்கு மருந்து தராமல் வேடிக்கை பார்த்தது அரசின் பொதுச் சுகாதாரத் துறை. பேத்தி அதை நினைவில் வைத்திருப்பது அறியாமையன்று.

பணமும் உண்டு. அமெரிக்கப் பிரசவங்களில் பத்தில் நான்குக்கு மெடிகெய்டு என்னும் ஏழையர் காப்பீடு பணம் தருகிறது. கறுப்பினத் தாய்மாரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர்க்கு அதுவே கதி. பிள்ளை பிறந்து 60 நாளானதும் தாய்க்குரிய அந்தக் காப்பு பல மாநிலங்களில் அறுந்துவிடும். பேற்றோடு தொடர்புடைய இறப்புகளில் ஏறத்தாழ மூன்றிலொன்று, பிள்ளை பிறந்து ஒரு வாரத்துக்கும் ஓராண்டுக்கும் இடையே நிகழ்கிறது என்பது தெரிந்திருந்தும் அறுத்தார்கள். விந்தை என்னவெனில், பெருந்தொற்றே இந்தக் கத்தரியைத் தற்காலிகமாகப் பறித்தது: 2020 மார்ச்சில் வந்த சட்டம், நெருக்கடி முடியும்வரை எவரையும் மெடிகெய்டிலிருந்து நீக்கலாகாது என்றது. 2021இன் சட்டம் ஓராண்டுக் காப்பை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. பின்னர் ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்டன. அப்படியானால் முன்பே செய்திருக்கலாம் என்பதும் இதனால் தெளிவாயிற்று.

இனி நம்மூர்ப் பெருமை ஒன்று. 2020இல் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் உலகச் செய்தியானது. கமலா ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனார் ஊர். கோலம் போட்டோம், பதாகை வைத்தோம், கோயிலில் பூசை செய்தோம். நல்லது. சியாமளா கோபாலனின் மகள், செனட்டராக இருந்தபோது எதற்காகச் சட்டமுன்வரைவு கொண்டுவந்தார் என்று நம் இதழ்கள் எத்தனை வரி எழுதின? கறுப்பினத் தாய்மாரின் பேறுகால இறப்பைக் குறைக்க 2018இல் ஒன்று. 2020 மார்ச்சில், கொரோனா கதவைத் தட்டிக்கொண்டிருந்தபோது, லாரன் அண்டர்வுட், அல்மா ஆடம்ஸ் ஆகிய கறுப்பினப் பெண் உறுப்பினர்களோடு சேர்ந்து ஒரு முழுத் தொகுப்பு. அத்தொகுப்பிலிருந்து, படைப்பணியாற்றிய தாய்மாருக்கான ஒன்று மட்டும் 2021 நவம்பரில் சட்டமாயிற்று. தாய்வழியைக் கொண்டாடிய நாம், அவர் எந்தத் தாய்மாருக்காகப் பேசினாரோ அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. அவரிடம் நமக்கு வேண்டியிருந்தது பாதிதான். மற்றப் பாதி கறுப்பு.

நம்மவர்க்கு இதனால் என்ன என்போர் இங்கிலாந்தைப் பார்க்க. அங்கே 2017 முதல் 2019 வரையிலான கணக்கில், வெள்ளையினத்தாரோடு ஒப்பிடக் கறுப்பினத் தாய்மார் இறப்பு நான்கு மடங்கு. ஆசிய வழித் தாய்மார் இறப்பு ஏறத்தாழ இருமடங்கு. 2020 மார்ச் தொடங்கி ஏப்ரல் நடுவரை கோவிட்டோடு மருத்துவமனையில் சேர்ந்த 427 கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின, பிற சிறுபான்மை இனப் பெண்கள். ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் வாழும் நம் பெண்கள் அந்த 'ஆசிய' என்ற கட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள். உடல்வாகு என்னும் விடையை அங்கே நமக்கு எதிராகவும் சொல்வார்கள். அப்போதும் தலையாட்டுவோமா?

ஓர் எதிர்வாதத்தை மறைத்தல் நேர்மையன்று. அமெரிக்க இறப்புச் சான்றிதழில் 'கருவுற்றிருந்தாரா' என்னும் கட்டம் 2003 முதல் சிறிது சிறிதாகச் சேர்க்கப்பட்டது. அதைத் தவறாகக் குறிப்பதால் எண்கள் ஊதிப் பெருத்துவிட்டன என்று 2024இல் ஓர் ஆய்வு வாதிட்டது. இருக்கலாம். ஆனால் அக்கட்டத்தை விலக்கி வேறு முறையில் எண்ணிய அந்த ஆய்விலும், மொத்தம் குறைந்ததேயன்றிக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலிருந்த பள்ளம் மறையவில்லை. மேலும், நிபுணர் குழுக்கள் ஒவ்வொரு கோப்பாகப் புரட்டிப் பார்த்து, 2017 முதல் 2019 வரையிலான இறப்புகளில் ஐந்தில் நான்குக்கு மேல் தவிர்த்திருக்கக் கூடியவை என்று கண்டுள்ளன. தவிர்த்திருக்கக் கூடிய சாவுக்கு உடல்வாகைக் காரணம் சொல்வது எந்தத் தருக்கநூலில் உள்ளது?

பெருந்தொற்று முடிந்தபின் நடந்ததே உள்ளதில் பெரிய சான்று. 2023இல் வெள்ளையினத் தாய்மார் இறப்பு 14.5, கொரோனாவுக்கு முந்தைய 17.9ஐவிடக் குறைவு. லத்தீன் வழியினரும் பழைய நிலைக்கு மீண்டார்கள். கறுப்பினத் தாய்மார் இறப்பு 50.3; கொரோனாவுக்கு முந்தைய 44.0ஐவிட மிகுதி. 2019இல் இடைவெளி இரண்டரை மடங்கு. 2023இல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. கிருமி வந்தபோதும் சமமாக வரவில்லை. போகும்போதும் சமமாகப் போகவில்லை.

கருத்தரங்கக் கட்டுரைகள் நூலாக வரவிருக்கின்றன. பேராசிரியரின் கட்டுரை அந்த வாக்கியத்தோடு அப்படியே அச்சேறுகிறது, மெய்ப்பு பார்த்தோம். அமர்வுத் தலைவரின் குறிப்பு என்று நம்மிடம் இரண்டு பக்கம் கேட்டிருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் அம்மாணவியின் கேள்வியை அவர் கேட்டபடியே எழுதி, அவருடைய பெயரையும் போட்டு அனுப்பியிருக்கிறோம், பெயரை வெளியிட அவரிடம் இசைவு கேட்டபோது, "பேசி முடிக்க விடவில்லையே, அதையும் எழுதுவீர்களா?" என்று கேட்டார். மற்றப் பக்கத்தில் அதுவும் இருக்கிறது.